வரிப் பணத்தில் ஓடிய மெஷின்

சிமெண்ட்காரர் நல்லவரா, கெட்டவரா என்று அந்த ஊரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வராது. கேட்டவரை முதலில் மேலும் கீழும் பார்ப்பார்கள். ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகுதான் வாய் திறக்கும். தெரியவில்லை என்றால், நமக்கெதுக்குங்க பெரிய இடத்து விவகாரம் என்று நழுவிவிடுவார்கள். இத்தனைக்கும் அந்த மனிதரை நேரில் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆரம்பத்தில் இப்படியெல்லாம் இல்லை. ஊர் எல்லையில் சிமெண்ட் ஆலை வைத்திருந்தார். புகை வந்தது, திட்டினார்கள். வேலை கிடைத்தது, வாழ்த்தினார்கள். காலையில் திட்டியவரே சாயங்காலம் மகனுக்கு வேலை கேட்டு ஆலை வாசலில் நின்றார். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இலவச டயாலிசிஸ் நிலையம் ஒன்றைக் கட்டி, வாசலில் தன் படத்தை மாட்டினார். சம்பாதிக்கிறார், கொஞ்சம் செய்கிறார், நன்றாக இருக்கட்டும் என்றது ஊர். மனிதர் அதோடு நின்றிருக்கலாம். ஒரு மாநாட்டு மேடையில் ஆளுங்கட்சித் தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தது என்னவோ அரை மணி நேரம்தான். மறுநாள் விடிந்தபோது ஊரில் பாதிப் பேருக்கு அவர் வள்ளல், மீதிப் பேருக்குக் கொள்ளைக்காரர். ஆலையும் அதேதான், புகையும் அதேதான்.

பாப்பாவுக்கு இந்தக் கூத்தெல்லாம் அலுத்துப் போயிருந்தது. அவள் அந்த நிலையத்தில் டெக்னீஷியன். நாற்பதைத் தாண்டிய பிறகும் பெயர் பாப்பாதான். அண்ணன் கூப்பிட்டுப் பழகியது, ஊருக்கே ஒட்டிக்கொண்டது. நோயாளிகள் மட்டும் சிஸ்டர் என்பார்கள். வருகிறவர்களை எடை பார்க்க வேண்டும், கையில் விரல் வைத்து ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும், இரண்டு ஊசி குத்த வேண்டும், குழாய்களை மாட்ட வேண்டும், நான்கு மணி நேரம் மெஷினை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, அடுத்தவருக்குத் தயார் செய்ய வேண்டும். நிற்க நேரம் இல்லை, உட்காரவும் நேரம் இல்லை. வீட்டுக்குப் போனால் காலை நீட்டி ஐந்து நிமிடம் சும்மா இருக்கலாமா என்றால் அங்கே பக்கத்து வீட்டு டிவியில் விவாதம் நடந்துகொண்டிருக்கும்.

மாநாட்டுக்குப் பிறகு அவளுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. ஹாலில் இருந்த டிவியில் சிமெண்ட்காரர் முகம் வந்தாலே கட்டிலுக்குக் கட்டில் வாய்ச்சண்டை. ஒருவருக்குக் கோபம் வந்தால் ரத்த அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் மெஷின் கத்தும், மெஷின் கத்தினால் பாப்பா ஓட வேண்டும். ஓடி ஓடிச் சலித்துப்போய், ஒருநாள் அவளே ஒரு ஏற்பாடு செய்தாள். சுவர்ப் பக்கக் கட்டில்கள் ஆளுங்கட்சிக்கு, ஜன்னல் பக்கக் கட்டில்கள் எதிர்க்கட்சிக்கு. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத முறை. மேனேஜர் வந்து பார்த்தார், புரிந்துகொண்டார், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஜன்னல் பக்கத்துக்காரர்கள் வாசலில் இருக்கும் படத்தைப் பார்க்காமல் உள்ளே நுழைவதற்கென்றே ஒரு நடை வைத்திருந்தார்கள். ஏதோ ரோட்டில் தெரிந்தவர் போகிறார் போல முகத்தைத் திருப்பிக்கொண்டே வருவார்கள். கொள்ளைக்காரர் என்று சொல்லிக்கொண்டேதான் கையை நீட்டுவார்கள். அதற்கென்ன, உயிர் வேண்டுமே.

பாப்பாவின் அண்ணனுக்கு மட்டும் அந்த நடை வரவில்லை.

அண்ணன் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். மாஸ்டர் என்றால் எல்லாருக்கும் தெரியும். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு தங்கையை வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணம் செய்து கொடுத்தவர் அவர்தான். பாப்பாவின் புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். எது ஒன்று என்றாலும் அவளுக்கு ஓடி வருகிறவர் அண்ணன்தான். நல்ல மனுஷன், கை சுத்தம், வாய் மட்டும் நீளம். எதிர்க்கட்சியில் வட்டச் செயலாளர் கூடக் கிடையாது. ஆனால் கூட்டம் என்றால் கொடி அவர் தைத்ததுதான், மைக் கிடைத்தால் முதல் பேச்சும் அவருடையதுதான். இதே மாஸ்டர்தான் நிலையம் திறந்தபோது கட்டில்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்துவிட்டு, மனுஷன்னா இவர் மாதிரி இருக்கணும் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மாநாட்டுக்குப் பிறகு தெருமுனைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, அந்த சிமெண்ட்காரன் காசு என் உடம்பில் ஒட்டாது, செத்தாலும் அவன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று முழங்கினார். கைதட்டல் பிரமாதமாக இருந்தது.

கொஞ்ச நாளில் அவருடைய இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. சர்க்கரையும் அழுத்தமும் எப்போதோ செய்த வேலை, அப்போதுதான் வெளியே தெரிந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் உண்டு. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போனாலும் வரிசை, வரிசை முடிந்தால் மெஷின் ரிப்பேர், மெஷின் ஓடினால் கரண்ட் இல்லை. வாரத்துக்கு மூன்று தடவை செய்ய வேண்டியது இரண்டாகி, சில வாரம் ஒன்றானது. மாஸ்டரின் கால் வீங்கியது, முகம் ஊதியது, படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே தூங்கினார். அண்ணி தினம் பாப்பாவுக்குப் போன் செய்து அழுவார். பாப்பா தினம் அண்ணனிடம் போய்க் கெஞ்சுவாள்.

கெஞ்சிக் கெஞ்சி அவளுக்கு வார்த்தையே தீர்ந்துவிட்டது. ஜன்னல் பக்கம் முழுக்க உன் கட்சிக்காரர்கள்தானே என்றாள். அவர்களெல்லாம் மைக்கில் பேசவில்லையே என்றார் மாஸ்டர். அங்கேதான் முடிச்சு என்று பாப்பாவுக்கு நன்றாகத் தெரியும். சிமெண்ட்காரர் மேல் உள்ள கோபம் கூட அவ்வளவு பெரிதில்லை. கடை வாசலில் தினம் டீ குடிக்க வரும் நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது, அதுதான் அவருக்கு மலையாக நின்றது. மனுஷன் உயிரை விட்டாலும் விடுவார், அந்த நாலு பேரிடம் வழிய மாட்டார்.

மாலை ஷிப்டில் ஒரு கட்டில் காலியானது. அதிலிருந்த அம்மா மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். பாப்பா மேனேஜரிடம் போய் நின்று, ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் யாருக்கும் கொடுக்காதீங்க சார் என்று கேட்டு வாங்கினாள். அந்த வாரம் முடிகிற நேரத்தில் மாஸ்டர் தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. அரசு ஆஸ்பத்திரியில் எப்படியோ இழுத்துப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். இப்படி இன்னொரு தடவை வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாதும்மா என்று டாக்டர் அண்ணியிடம் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் பாப்பா அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்தாள். மாஸ்டர் தலையணைகளை முதுகுக்கு முட்டுக் கொடுத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அண்ணி அடுப்படியில் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார். வருகிறாயா அண்ணா என்று பாப்பா கேட்டாள். மாஸ்டர் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. அவளுக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்து வரவில்லை. வாயிலிருந்து தானாக விழுந்தது.

"அது அவர் காசே இல்லண்ணா. அரசாங்கப் பணம். மக்கள் வரிப் பணம். படத்தை மட்டும் தன் படமா மாட்டிக்கிட்டாரு. உள்ள வேலை பாக்கிற எங்களுக்குத்தான் தெரியும்."

மாஸ்டரின் கண் திறந்தது. அத்தனை வீக்கத்திலும் முகத்தில் ஒரு களை வந்தது. அதற்கு மேல் வேறு எதையும் யோசிக்கிற நிலையில் பாப்பா இல்லை.

"அப்படிச் சொல்லு," என்றார் மாஸ்டர். "அப்ப அது என் காசு. என் காசுல நான் போய் உக்காருறதுக்கு எவனைக் கேக்கணும்?"

மறுநாள் மாலை, மாஸ்டர் வாசலில் இருந்த படத்தை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டே உள்ளே வந்தார். ஜன்னல் பக்கக் கடைசிக் கட்டிலில் படுத்து, தானே தைத்த திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்து, தையல் இன்னும் பிரியவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டார். பாப்பா இரண்டு ஊசியையும் குத்தி மெஷினை ஓட விட்டாள்.

உடம்பு தேறியது. அதைப் பார்க்கப் பார்க்க பாப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை மறைத்து என்ன பயன்? வீக்கம் வடிந்து, அண்ணனின் பழைய முகம் திரும்பி வந்தது. படுத்துத் தூங்கினார். சோறு இறங்கியது. கடையைத் திறந்து அரை நாள் உட்கார்ந்தார். அண்ணி போனில் அழுவதை விட்டுவிட்டு, அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று பழையபடி குறை சொல்ல ஆரம்பித்தார். ஒரு பொய்க்கு இவ்வளவு பலன் உண்டென்றால் முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கூட பாப்பா நினைத்தாள்.

வெளியே சொல்லாதே என்று அண்ணனிடம் பல தடவை சொல்லியிருந்தாள். ஆனால் சொல்லாமல் இருந்தால் அந்தப் பொய்யால் அவருக்கு என்ன உபயோகம்? டீ குடிக்க வருகிற நாலு பேருக்குச் சொல்லத்தானே அது அவருக்குத் தேவைப்பட்டது. முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த நாலு பேரில் ஒருவன் போனை நீட்டி, மாஸ்டர், இதை அப்படியே நிலையத்து வாசலில் நின்று சொல்லுங்கள் என்றான். படத்துக்குப் பக்கத்தில் நின்று, கையில் ஒட்டிய பஞ்சோடு மாஸ்டர் சொன்னார். நான் ஒரு சாதாரண தையல்காரன், வரி கட்டுறவன், இந்த மெஷின் என் காசுல ஓடுது, இந்த ஆள் படம் இங்க எதுக்கு என்றார்.

அவ்வளவுதான். இரண்டு நாளில் அந்த வீடியோ பார்க்காதவர்கள் யாரும் இல்லை. தலைவர்கள் பார்த்தார்கள், டிவிக்காரர்கள் பார்த்தார்கள். வரிப் பணத்தில் வள்ளல் வேஷம் என்று ஒரு சேனல். ஏழைகளின் தெய்வத்தைக் கொச்சைப்படுத்தும் சதி என்று இன்னொரு சேனல். சிமெண்ட்காரரின் அலுவலகம் வரவு செலவை எடுத்துக் காட்டியது. ஏற்கனவே நம்பியவர்கள் பார்த்துத் தலையாட்டினார்கள். நம்பாதவர்கள், இதெல்லாம் யார் வேண்டுமானாலும் தயார் பண்ணலாம் என்றார்கள். ஆலைப் புகையைப் பற்றி உண்மையாகவே கேட்க வேண்டிய கேள்விகள் ஊரில் ஆயிரம் இருந்தன. அதை ஒருவரும் கேட்கவில்லை.

நிலையத்துக்குள்ளே நிலைமை இன்னும் மோசம். சுவர்ப் பக்கத்தில் மாஸ்டருக்கு நேர் எதிரே படுப்பவர் கோழிக்கடைக்காரர். ஆளுங்கட்சியில் பழுத்த ஆள். உப்புப் போட்டுத்தான் சாப்பிடறியா என்று மாஸ்டரைக் கேட்டார். உப்பு சாப்பிடக் கூடாதுன்னு உன் முதலாளி வச்சிருக்கிற டாக்டர்தான் சொல்லியிருக்கார் என்றார் மாஸ்டர். இருவருக்கும் ஒரு கை மெஷினில் மாட்டியிருந்தது. மிச்சம் இருந்த ஒரு கையை ஆட்டி ஆட்டி, படுத்தபடியே சண்டை போட்டார்கள். இரண்டு மெஷினும் சேர்ந்து கத்தின. பாப்பா டிவியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சண்டை நிற்கவில்லை, டிவியில் கேட்டதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

மாதக் கடைசியில் மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டார். அவர் ஒரு சாது. எதையும் உரக்கச் சொல்ல மாட்டார், அன்றும் சொல்லவில்லை. முதலாளி மனம் நொந்துவிட்டாராம். மக்கள் பணம் என்கிறார்கள், அப்படியானால் மக்களே நடத்திக்கொள்ளட்டும் என்று அறிக்கை விட்டுவிட்டாராம். அடுத்த மாதக் கடைசியோடு நிலையம் மூடப்படும். இருக்கிற ஊசியும் குழாயும் அதுவரைக்கும் வரும்.

யாராவது தடுப்பார்கள் என்று பாப்பா எதிர்பார்த்தாள். பாவம், அவளுக்கு இன்னும் அந்த நம்பிக்கை மிச்சம் இருந்தது. அரசாங்கமே எடுத்து நடத்தலாமே என்று மேனேஜர் ஆளுங்கட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டார். எடுத்தால் இது அரசாங்கப் பணம்தான் என்று நாமே ஒத்துக்கொண்டது போல் ஆகிவிடும் என்று கையை விரித்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்களிடம், மூட வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். அந்தக் கொள்ளைக்காரன் காலில் விழச் சொல்கிறீர்களா என்று கேட்டார்கள். முதலாளிக்கு என்ன ரோஷம் பார் என்று ஒரு தெருவில் பேசினார்கள். மாட்டிக்கொண்டதும் ஓடுகிறான் பார் என்று அடுத்த தெருவில் பேசினார்கள். இரண்டு தெருவிலும் கட்டிலில் படுக்கிறவர்கள் இருந்தார்கள்.

கோழிக்கடைக்காரர் கூட, ஐயா எடுத்த முடிவு சரிதான், மானம் முக்கியம் இல்லையா என்று ஹாலுக்கே கேட்கும்படி சொன்னார். பாப்பா அவர் கையிலிருந்து ஊசியை எடுக்கும்போது குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர், வேற எங்கயாவது ஒரு இடம் சொல்லி வைக்க முடியுமா? வீட்டுல தெரிஞ்சா பயந்துடுவாங்க."

பாப்பாவுக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை. பார்க்கிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டு, கை கழுவுகிற இடத்தில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அவள் அண்ணன் ஒருவனைக் காப்பாற்ற நினைத்தாள். அதற்கு விலையாகப் பன்னிரண்டு கட்டிலும் போகிறது. இத்தனை பேர் உயிருக்கு யார் பதில் சொல்வது?

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். நான் கட்டிய கதை சார், அண்ணனை வரவழைக்கத்தான் அப்படிச் சொன்னேன், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றாள். மேனேஜர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நீங்க சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கம்மா, நாங்க சொல்ல வச்சோம்னு சொல்லுவாங்க என்றார். ஆனால் மாஸ்டரே அதே இடத்தில் நின்று, நான் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால், அதை முதலாளியிடம் காட்டிப் பேசிப் பார்க்கலாம். அவருக்கும் மூடுவதில் அவ்வளவு இஷ்டம் இல்லை, யாராவது இறங்கி வர மாட்டார்களா என்றுதான் பார்க்கிறார் என்றார்.

பாப்பா மதிய ஷிப்டை உதவிக்கு இருந்த சின்னப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுக் கடைத்தெருவுக்கு ஓடினாள். அவள் வேலையை விட்டுப் பாதியில் வெளியே வந்தது அதுவே முதல் தடவை.

மாஸ்டர் கொடித்துணி வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய கூட்டம் வருகிறதாம், அவர் பேசப்போகிறாராம். பாப்பா கடையின் பாதிக் கதவை இழுத்துச் சாத்தினாள். ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். அது சிமெண்ட்காரர் காசுதான், ஊசியிலிருந்து பஞ்சு வரைக்கும் அவருடைய காசுதான், சம்பளமும் அவர் கொடுப்பதுதான், அரசாங்கம் ஒரு பைசா கொடுத்ததில்லை. நீ செத்துவிடுவாயே என்ற பயத்தில் நான்தான் புளுகினேன். நீ போய் அதைச் சொல்லிவிட்டால் மெஷின் ஓடும், எல்லாரும் பிழைப்பார்கள், நீயும் பிழைப்பாய்.

மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். தங்கையின் முகத்தையே பார்த்தார். திட்டப்போகிறார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று பாப்பா இருந்தாள். அவர் கண் கலங்கியது.

"யாரு மிரட்டினாங்க பாப்பா?"

"யாரும் மிரட்டல. நான் சொல்றதைக் கேளு அண்ணா. நான் பொய் சொன்னேன்."

"வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு சொன்னாங்களா? உன் வீட்டுக்காரர் லாரியை நிறுத்திடுவேன்னாங்களா? எதுவானாலும் அண்ணன்கிட்ட சொல்லு."

"ஐயோ, பொய்யுன்னு சொல்றேனே. உன்னை வர வைக்கிறதுக்காக நான் சொன்ன பொய்!"

மாஸ்டர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார்.

"நீ எனக்குப் பொய் சொல்ல மாட்ட. உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான், எனக்குத் தெரியாதா? அன்னைக்கு என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னியே, அதுதான் நீ. இன்னைக்குப் பேசுறது நீ இல்ல. உன்னைப் பேச வச்சிருக்காங்க."

அவள் சத்தியம் செய்தாள். அழுதாள். கத்தினாள். அவள் எவ்வளவு அழுகிறாளோ, அவ்வளவுக்கு அவளை எப்படி மிரட்டியிருக்கிறார்கள் என்று அவர் ரத்தம் கொதித்தது. இதற்கு மேல் என்னதான் செய்வது? உண்மையை அவள் எந்தப் பக்கமிருந்து கொண்டுபோய்க் கொடுத்தாலும், அவர் கைக்குப் போகும்போது அது எதிராளி அனுப்பியதாக ஆகிவிட்டது. அதுவும் அவள் மேல் வைத்த பாசத்தாலேயே ஆகிவிட்டது. அதை நினைத்தபோதுதான் அவள் எழுந்து, சாத்திய கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

கூட்டத்தில் மாஸ்டர், என் தங்கச்சியை மிரட்டுகிறார்கள் என்று மைக்கில் அழுதார். மறுநாள் நிலையத்து வாசலில் ஒரு நிருபர் பாப்பாவை நிறுத்தினார். அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அன்று ஒரு சேனலில் அவள் மிரட்டப்பட்ட தங்கை. இன்னொரு சேனலில், நிலையத்துக்குள் எதிர்க்கட்சி அனுப்பி வைத்த ஆள், இப்போது பயந்து நாடகமாடுகிறாள். ஜன்னல் பக்கத்துக்காரர்கள் அவளிடம் தைரியமா இரும்மா என்றார்கள். சுவர்ப் பக்கத்துக்காரர்கள் ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேலையிலிருந்தும் அவளை நீக்கவில்லை. நீக்கினால் பழி வாங்கினார்கள் என்று ஆகிவிடுமாம்.

மிச்சமிருந்த நாட்களில் அவள் அரசு ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தாள். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி இடம் கேட்டாள். அங்கே இருந்தவர்களும் மனிதர்கள்தான், ஆனால் அவர்களிடம் இருந்த மெஷின்கள் கொஞ்சம். சிலருக்கு வாரத்துக்கு ஒரு தடவை கிடைத்தது. கோழிக்கடைக்காரர் கடையை விற்றுத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதாகச் சொன்னார், எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்லவில்லை. அண்ணனுக்கு அவள் கேட்கவே கூசினாள், கடைசியில் கேட்டாள். அவருக்கும் வாரத்துக்கு ஒன்றுதான்.

கடைசி நாள் மாலை ஷிப்டில் மாஸ்டர் வந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வெற்றி பெற்றவர் போல வந்தார். வாசலில் படத்தைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்து அவருக்கு ஏக குஷி. பாப்பா எடை பார்த்தாள், கையைத் தொட்டுப் பார்த்தாள், ஊசி குத்தினாள். நான்கு மணி நேரமும் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். வேறு கட்டில்களில் ஆள் குறைந்திருந்தது. எதிர்க்கட்டில் காலியாக இருந்ததால் மாஸ்டருக்குச் சண்டை போட ஆள் இல்லை. நல்ல நாள் பார்த்து வராமல் போயிட்டான் பாரு என்று கோழிக்கடைக்காரரைப் பற்றி ஒரு முறை விசாரித்தார்.

முடிந்ததும் ஊசிகளை எடுத்து, துவாரத்தின் மேல் பஞ்சை வைத்து பாப்பா விரலால் அழுத்தினாள். பத்து நிமிடம் அப்படி அழுத்திப் பிடிக்க வேண்டும், விட்டால் ரத்தம் பீறிடும். மாஸ்டர் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். அவள் இளைத்துப் போயிருப்பதை அன்றுதான் பார்த்தார் போல.

"இதுக்கெல்லாம் கவலைப்படாத பாப்பா. நம்ம ஆட்சி வந்ததும் முதல் கையெழுத்தே இந்த இடத்துக்குத்தான்னு தலைவர் என்கிட்டயே சொல்லியிருக்கார்."

தேர்தலுக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை என்றால் இந்த உடம்பு அதுவரைக்கும் வராது என்பது அந்த ஹாலிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் அதையும் யார் சொல்லச் சொன்னார்கள் என்று கேட்பார்.

"உண்மை நம்ம பக்கம் இருக்கு," என்றார் மாஸ்டர். "நீ எடுத்துக் கொடுத்ததுதானே அது."

பாப்பாவின் கண்ணீர் அவர் கை மேல் விழுந்தது. அவர் இன்னொரு கையைத் தூக்கி அவளைத் தட்டிக்கொடுக்கப் பார்த்தார்.

"சரிண்ணா," என்றாள் அவள். "கையை மட்டும் ஆட்டாத. ரத்தம் இன்னும் நிக்கல."